மீனை நகர்த்தக் கூடாது

உணவு மாதிரி கையில் கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கையை அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு மிச்சமாகும் சொத்து இந்த மாதிரி வாக்கியங்கள்தான். விதியை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். ‘எடுத்த நாளிலிருந்து’ என்று எழுதாமல் ‘கிடைத்த நாளிலிருந்து’ என்று எழுதினார்கள். எடுக்கும் இடத்துக்கும் கிடைக்கும் இடத்துக்கும் நடுவில் வங்காள விரிகுடா கிடக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் இன்னும் கெட்டிக்காரத்தனமாக எழுதியிருப்பார்கள்.

அந்த விதி பொருந்தியிருக்க வேண்டிய மாதிரி, எங்கள் தீவில் சௌல்தாரி என்கிற ஊரில் ஒரு குளத்து மீன். குளத்துக்காரி எனக்கு இருபது வருடப் பழக்கம். நான் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது வாரம் இரண்டு நாள் மேடேறி வந்து ரோகுவும் கட்லாவும் போடுவாள். ஓய்வு பெற்று லம்பா லைனுக்கு வீடு மாறிய பிறகும் என்னை விடவில்லை. அவளுடைய பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அவள் கல்யாணமாகிச் சௌல்தாரிக்கு வந்தாள். கணவர் காலமான பிறகு குளத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாள். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் குளத்து மீனை யார் வாங்குவார்கள் என்று மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. வங்காளிகள் வாங்குவார்கள். நானும் வாங்குவேன்.

ஒரு மாசி மாதத்துக் காலையில் அவள் கூடை இல்லாமல் வந்து நின்றாள்.

“அக்கா, கொளத்துக்கு சீல் வச்சிட்டாங்க.”

“கொளத்துக்கு எப்படி சீல் வைக்க முடியும்?”

“பேப்பர்ல வச்சாங்க.”

இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நன்றாகத் தட்டச்சு செய்யப்பட்ட ஆணை. உணவுப் பாதுகாப்பு அதிகாரி குளத்தடிக்கு வந்து, மீனின் தோலில் துடைத்து, சோதனைப் பட்டையில் தடவிப் பார்த்திருக்கிறார். மாலகைட் பச்சை இருப்பதாகப் பட்டை சொல்லியிருக்கிறது. மீனுக்குப் பூஞ்சைப் புண் வந்தால் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் கரைக்கும் சாயம் அது. சாப்பிடும் மீனுக்குக் கூடாது. மாதிரியை முறைப்படி நான்கு பாகமாக்கி முத்திரையிட்டு, ஒன்றை மெயின்லேண்ட் ஆய்வுக்கூடத்துக்கு விமானத்தில் அனுப்பியிருந்தார். அறிக்கை வரும்வரை குளத்து மீனை விற்கவோ அழிக்கவோ நகர்த்தவோ கூடாது; அவளுடைய மீன் வளர்ப்புப் பதிவும் அதுவரை நிறுத்தம்.

“நீ அந்தப் பச்சை மருந்து போட்டியா?”

“கல்லுப்பு, மஞ்சள், வேப்பெல. இதத் தவிர என் கொளத்துல எதுவும் விழுந்ததில்லக்கா. என்னைய நம்புறீங்களா இல்லியா?”

நான் பதில் சொல்லவில்லை. தொழில் பழக்கம். யாரையும் நம்புவதில்லை, யாரையும் சந்தேகப்படுவதுமில்லை, அளந்து பார்ப்பேன். அவளுக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை என்பது காபி டம்ளரை வைத்த சத்தத்தில் தெரிந்தது.

“கொளத்துப் படிக்கட்டுல எத்தன படி தண்ணி நிக்குது?” என்று கேட்டேன்.

“பதினோரு படி. பங்குனி முடியறதுக்குள்ள அஞ்சாவும். அஞ்சாச்சுன்னா மீன் வாயத் தொறந்துகிட்டு மேல வந்துரும். அதுக்கு முன்னாடி எறக்கியாவணும்.”

இதுதான் விஷயம். தீவில் மாசியும் பங்குனியும் மழை இல்லாத மாதங்கள். சௌல்தாரிக் குளங்கள் நாளுக்கு நாள் வற்றும். வற்றுவதற்குள் வலை போட்டு மீனைப் பிடித்தாக வேண்டும். இவள் பிடிக்கக் கூடாது. அறிக்கை சாதகமாக வந்தாலும் தாமதமாக வந்தால் மீன் செத்துக் கிடக்கும். பாதகமாக வந்தால் மீனைப் புதைத்து, பதிவையும் ரத்து செய்வார்கள். ஒரு வருட மீன் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தது.

நான் அதிகாரியைப் பார்க்கப் போனேன். சின்ன வயது, மதுரைப் பக்கத்துக்காரர், தீவுக்கு வந்து இரண்டு வருடம். கோப்பைக் காட்டச் சொன்னதும் காட்டினார். ஒரு குறை சொல்ல முடியவில்லை, முத்திரை, சாட்சிக் கையெழுத்து, ஐஸ் பெட்டியின் வெப்பநிலை எல்லாம் எழுதியிருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஓய்வு பெற்றவர்கள் மற்றவர்களின் கோப்பில் தப்பு கண்டுபிடிக்கத்தான் வீட்டை விட்டு இறங்குகிறோம்.

“தனியா ஒரு சோதனை செஞ்சு பாக்க அனுமதி கேட்டு எழுதித் தரட்டுமா தம்பி?”

“மேடம், எழுத்துல கேக்காதீங்க. எழுத்துல கேட்டா நான் எழுத்துல பதில் சொல்லணும். எழுத்துல சொன்னா ‘முடியாது’ன்னுதான் சொல்லணும்.”

“வாயால கேட்டா?”

“எனக்குக் காது சரியாக் கேக்காது மேடம்.”

விதியை மதிக்கிற ஆள், விதிக்குள் ஜன்னல் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தவர். இந்த வகை இப்போது அரிது.

ஊரில் உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் கைக்கு அடக்கமான ராமன் கருவி ஒன்று இருந்தது. கடல் நீரில் பிளாஸ்டிக் துகள் தேடும் திட்டத்துக்காக வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்ட பேராசிரியை இங்கேயே பிறந்த வங்காளி. நானும் அவளும் பேசுவது தீவின் இந்தியில். அந்த இந்தி டெல்லிக்காரர்களுக்கு வயிற்றுவலி கொடுக்கும். எங்களுக்கு அதுதான் பொதுச் சொத்து.

“மேடம்ஜி, மீனுக்குள்ள சாயம் இருந்தா அது துளியிலும் துளி. இந்தக் கருவிக்குத் தெரியாது,” என்றாள்.

“வெள்ளி சேர்த்தா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அதெல்லாம் எங்க படிச்சீங்க?”

“ரிட்டயர் ஆனதுக்கப்புறம். வேலையில இருந்தப்ப படிக்க நேரம் ஏது?”

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறுகிற ஒளி கிட்டத்தட்ட முழுவதும் போன நிறத்திலேயே திரும்பி வரும். நாம் மேலிடத்துக்கு அனுப்பும் கோப்புகள் மாதிரி. கோடியில் ஒன்று, அந்த மூலக்கூறின் அதிர்வைச் சுமந்துகொண்டு சற்றே நிறம் மாறித் திரும்பும். யாரோ உண்மையில் படித்து ஓரத்தில் ஒரு வரி எழுதிய கோப்பு அது. அதுதான் ராமன் ஒளி. ஒவ்வொரு மூலக்கூறின் கையெழுத்தும் வேறு. கையெழுத்தில் சந்தேகம் வராது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கும். அதே மூலக்கூறை மிக நுண்ணிய வெள்ளித் துகள்களின் மேல் உட்கார வைத்தால் கதை மாறும். ஒளி பட்டதும் வெள்ளியின் மேற்பரப்பில் இருக்கும் எலக்ட்ரான்கள் அலை அடிக்கும். இரண்டு துகள்கள் நெருங்கி நிற்கும் இடுக்கில் அந்த அலை பயங்கரமாகப் பெருகும். அந்த இடுக்கில் மாட்டிய மூலக்கூறின் முணுமுணுப்பு லட்சம் மடங்கு, அதற்கும் மேல், சத்தமாகக் கேட்கும். மேற்பரப்பால் மிகுந்த ராமன் நிறமாலை என்று நீட்டிச் சொல்வார்கள். நாங்கள் ‘வெள்ளி வைத்தியம்’ என்றோம்.

வெள்ளித் துகள்கள் நீரில் மிதக்கும் அந்தக் கூழ்மத்தை நாங்களே காய்ச்சினோம். வெள்ளி நைட்ரேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, சிட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சளாகி, பிறகு பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் பால்போல் வர வேண்டும். எங்களுக்கு வந்தது சுண்ணாம்பு. சிட்ரேட்டைத் தொடுவதற்கு முன்பே வெள்ளை வெளேரென்று அடியில் படிந்துவிட்டது.

“உப்பு,” என்றேன்.

“நாம உப்பு போடவே இல்லையே மேடம்ஜி.”

தண்ணீர் கேனைப் பார்த்தோம். ‘காய்ச்சி வடித்த நீர்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. லேபிளை நம்பியது என் தப்பு. தீவில் கோடைக் காலத்தில் பாதி காலியான கேன் என்று ஒன்று இருக்கவே இருக்காது; குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் யாராவது ஒரு நல்ல மனது அதையும் நிரப்பி வைத்துவிடும். உதவியாளரைக் கேட்டால், “ஆமா மேடம், நான்தான் ரொப்பி வச்சேன், சும்மா கெடந்துச்சு,” என்று பெருமையாகச் சொன்னார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. என் வீட்டில் பிள்ளையார் அபிஷேகச் சொம்பு வரை அப்படித்தான் நிரம்பியிருந்தது. குழாய் நீரில் இருந்த உப்பு வெள்ளியைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டது.

மறுபடி வடித்தோம். கண்ணாடிப் பாத்திரங்களை ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் முதலில் அலசி, பிறகு வடித்த நீரில் மூன்று முறை. நடுவில் கரண்ட் போகும் என்பதால் ஹீட்டரை ஒதுக்கிவிட்டு காஸ் அடுப்பில் கொதிக்க வைத்தோம். மூன்றாம் முறை பச்சைச் சாம்பல் வந்தது. குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். முப்பது வருட வேலையில் அத்தனை அழகான அழுக்கு நிறத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, தெரிந்ததை வைத்துச் சரி பார்ப்பது. மாலகைட் பச்சை பக்கத்து உயிரியல் ஆய்வகத்தின் அலமாரியிலேயே இருந்தது. நுண்ணுயிர்களுக்குச் சாயம் ஏற்ற வைத்திருந்தார்கள். கண்ணுக்கு நிறமே தெரியாத அளவு நீர்த்த ஒரு துளியைக் கூழ்மத்தில் விட்டு, துகள்கள் ஒன்றோடொன்று நெருங்குவதற்காக அளந்து கொஞ்சம் உப்புக் கரைசல் சேர்த்து, லேசரைக் காட்டினோம். ஆம், முதல் நாள் காரியத்தைக் கெடுத்த அதே உப்புதான். அழைத்த நேரத்தில் வந்தால் விருந்தாளி. திரையில் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் ஒரு கூர்முனை கோயில் கொடிமரம் மாதிரி எழுந்தது. ஆயிரத்து நூற்றெழுபதுக்கு அருகில் இன்னொன்று. பேராசிரியை மேஜையைத் தட்டினாள்.

“தேகோ, பாருங்க மேடம்ஜி! சிக்னேச்சர்!”

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருந்தது, அதுதான் என் முழு வாதமும். உயிருள்ள மீன் இந்தச் சாயத்தில் நீந்தினால், அதன் உடம்பு சாயத்தை நிறமில்லாத வேறு வடிவமாக மாற்றித் தசைக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது மாதக்கணக்கில் போகாது. எனவே குளத்தில் மருந்து போட்டிருந்தால் நிறமற்ற வடிவம் தசையில் இருந்தே தீர வேண்டும். அந்த வடிவம் கருவிக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆக்சிஜனேற்றி சேர்த்து மறுபடி பச்சையாக்கினால் தெரியும். இருந்தால் தெரியும் என்று முதலில் காட்டாமல், இல்லை என்று சொல்லக் கூடாது. நிறமற்ற வடிவம் கல்லூரியில் இல்லை. மாலகைட் பச்சையைத் துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்த்து வெளுக்க வைத்து நானே செய்தேன். கடையில் வாங்கிய சுத்தமான மீன் தசையில் அதைத் துளி கலந்து, பிரித்தெடுத்து, மறுபடி பச்சையாக்கிப் பார்த்தோம். தெரிந்தது. கலக்காத தசையில் தெரியவில்லை. இப்போது எங்கள் ‘இல்லை’க்கு மதிப்பு வந்தது.

அடுத்து, சௌல்தாரி மீன் வேண்டும். அதை நகர்த்தக் கூடாது என்று ஆணை. நான் ஆணையை மூன்று தரம் படித்தேன். கருவியை நகர்த்தக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பேராசிரியையின் காரில் கருவி, கூழ்மக் குடுவை, ஐஸ் பெட்டி, கையால் சுற்றும் பிரிப்பான், ஒரு கறுப்புத் துணி, இரண்டு குடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். குளத்தில் ஆறு படி தண்ணீர். குளத்துக்காரி எங்களைப் பார்த்ததும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“என்னாக்கா, மீனுக்கு எக்ஸ்ரே எடுக்கவா?”

“அந்த மாதிரிதான். வலைய வீசு. ஒண்ணு போதும். கரையிலயே வச்சுக்கலாம், வெளிய எடுத்துட்டுப் போகல.”

ஒரு ரோகு வந்தது. தோலைத் துடைத்துப் பார்த்தோம், சுத்தம். தசையில் சிறு துண்டு எடுத்து அரைத்து, கரைப்பானில் பிரித்து, கூழ்மத்தில் விட்டோம். சுத்தம். ஆக்சிஜனேற்றி சேர்த்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி. சுத்தம். இன்னும் இரண்டு மீன், இரண்டு வேறு மூலைகளிலிருந்து. அவற்றிலும் கொடிமரம் எழவில்லை. பக்கத்திலேயே நாங்கள் வேண்டுமென்று சாயம் கலந்த துண்டில் மட்டும் எழுந்தது.

பேராசிரியை கறுப்புத் துணிக்குள்ளிருந்து வியர்த்த முகத்தோடு வெளியே வந்தாள். “மீன் பாஸ் மேடம்ஜி. அப்ப பட்டை பொய் சொல்லிச்சா?”

“பட்டை பொய் சொல்லாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்.” குளத்துக்காரியிடம் திரும்பினேன். “அந்தத் தம்பி வந்த அன்னிக்கு என்னென்ன நடந்துச்சோ அப்படியே செஞ்சு காட்டு. ஒண்ணும் விடாத.”

அவள் வலையிலிருந்து ஒரு கட்லாவைத் தூக்கினாள். வீட்டுக்குள் ஓடினாள். அக்குளில் ஒரு சுருட்டலோடு வந்தாள். உதறி விரித்தாள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த கோரைப் பாய், மடிப்புக் கலையாத புதுசு, நடுவில் அகலமான பச்சைப் பட்டைகள். ஈர மீனை நட்ட நடுவில் வைத்து, கும்பிடாத குறையாகப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

“இந்தப் பாய் மேலயா வச்ச?”

“ஆமாக்கா. தொரை வர்றப்ப தரையில போட்டா காட்டுவாங்க? எங்கம்மா தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப அப்படித்தான். தொரையோ டாக்டரோ வாசலுக்கு வந்தா புதுப்பாய விரிச்சுத்தான் எதையும் வைப்பாங்க. அதுக்குன்னே ஒரு பாய் வீட்ல இருக்கும். யாரும் படுக்க மாட்டாங்க.”

நான் ஈரப் பஞ்சால் பாயின் பச்சைப் பட்டையை ஒரு தரம் துடைத்தேன். பஞ்சு லேசாக நிறம் வாங்கியது. அதை ஒரு துளி கூழ்மத்தில் நனைத்தோம். திரையில் அதே கொடிமரம், அதே துணைமுனை, அதே இடத்தில். பாய்ச் சாயங்களில் மலிவானது அதுதான். பாய் மேல் கிடந்த கட்லாவின் தோலைத் துடைத்தோம், அங்கேயும் இருந்தது. தசையில் இல்லை.

குளத்துக்காரி திரையையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப நான் மரியாத செஞ்சதாலயா அக்கா…”

“மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல. சாயந்தான் மட்டம்.”

“அந்தக் கடைக்காரன் சாயம் போவாதுன்னு சத்தியம் பண்ணான்!” என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். பாயைக் காலால் ஒரு உதை உதைத்தாள். பேராசிரியைக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் உதைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் குளத்துக்காரி கேட்டாள்: “இப்பவாவது என்னைய நம்புறீங்களா?”

“இப்ப நம்ப வேண்டிய அவசியமே இல்ல. அளந்தாச்சு.”

இதைச் சொன்னபோது என் குரலில் இருந்தது கர்வம்தான். மறைக்க விரும்பவில்லை. பெரிய ஆய்வுக்கூடங்களில் குளிரூட்டிய அறையில் செய்கிற வேலையை, காஸ் அடுப்பில் காய்ச்சிய வெள்ளியை வைத்துக்கொண்டு, குளத்தங்கரையில், குடை நிழலில் செய்தோம். மூன்று பெண்கள். அதில் ஒருத்தி பென்ஷன்காரி.

அன்றே மெயின்லேண்ட் ஆய்வுக்கூடத்துக்கு எழுதினேன். எங்கள் சோதனைக்குச் சட்ட மதிப்பு எதுவுமில்லை, கல்லூரி அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடமல்ல, நான் பணியில் இல்லை. இதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். எதிராளி சொல்லப்போவதை நாமே சொல்லிவிட்டால் அவருக்கு எழுத வேறெதுவும் இருக்காது. நிறமாலைகளை இணைத்தேன். ஒரே ஒரு வேண்டுகோள்: தோலையும் தசையையும் தனித்தனியாகச் சோதியுங்கள், தசையில் நிறமற்ற வடிவத்தையும் தேடுங்கள். குளத்துக்காரி கையெழுத்துப் போட்டாள். மின்னஞ்சலில் ஒன்று, விரைவு அஞ்சலில் ஒன்று, இங்குள்ள அதிகாரியிடம் நேரில் ஒன்று. நேரில் கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொண்டேன்.

அதிகாரி நின்றுகொண்டே படித்தார். பாய்ப் பகுதி வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“அய்யோ மேடம். நான் அந்தப் பாயப் பாத்தேன். எவ்வளவு நல்ல பாய்னு நெனச்சேன். படிவத்துல ‘மாதிரி எடுத்த இடம்: குளக்கரை’ன்னு எழுதினேன்.”

“குளக்கரைதானே. தப்பில்லையே.”

“தப்பில்லாமயே தப்பாப் போயிருச்சு.”

மறுநாள் அவரே சௌல்தாரிக்கு வந்தார். இந்தத் தரம் வலையிலிருந்து நேராகக் கையுறைக்கு, கையுறையிலிருந்து பட்டைக்கு. குளத்துக்காரி பாயை எடுத்து வரப் போகிறாளோ என்று ஒரு கண் வாசலிலேயே வைத்திருந்தார். பத்து மீன். பத்துப் பட்டையும் இல்லை என்றன. அவர் என்னைத் தள்ளிக் கூப்பிட்டார்.

“குளம் இன்னும் ஆறு படிதான் இருக்கு. ரிப்போர்ட் வரட்டும்னு உக்காந்தா எல்லாம் செத்துரும். இப்ப இருக்கிற மீனை மட்டும் விடுவிச்சு ஆர்டர் போடறேன். பதிவு நிறுத்தம் அப்படியே இருக்கட்டும், அதை நான் தொட முடியாது. புதுக் குஞ்சு விடக் கூடாது. மேல இருந்து எனக்கு மெமோ வந்தா நீங்கதான் மேடம் பதில் எழுதித் தரணும்.”

“பதில் எழுதி வச்சாச்சு தம்பி. நீங்க மெமோவ மட்டும் வாங்கிட்டு வாங்க.”

சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் தன் ஆர்டரைத் தானே இரண்டு தரம் படித்தார். மேலிடத்திலிருந்து ஒரு காகிதமும் இல்லாமல், தன் கண்ணையும் எங்கள் வெள்ளித் துகளையும் நம்பி ஒரு அரசு ஊழியர் கையெழுத்துப் போடுவதை என் வாழ்நாளில் மொத்தம் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இது இரண்டாவது.

மீன் இறங்கியது. விடிவதற்குள் வங்காளிக் குடும்பங்கள் வரிசை கட்டிவிட்டன. எனக்கு ஒரு கட்லா வந்தது, வாழை இலையில்.

ஆனால் பதிவு நிறுத்தத்தில்தான் இருந்தது. மெயின்லேண்டிலிருந்து மூச்சில்லை. முதல் நினைவூட்டல் எழுதினேன். இரண்டாவது எழுதினேன். இரண்டாவதற்கு, முதலாவதை எந்தத் தேதியில் அனுப்பினோம் என்று கேட்டுப் பதில் வந்தது. அதையே ஒரு முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன். மூன்றாவதில் முதல் இரண்டின் நகலையும், அவர்கள் கேட்ட கேள்வியின் நகலையும், நான் சொன்ன பதிலின் நகலையும் இணைத்தேன். இணைப்புப் பட்டியல் கடிதத்தை விட நீளமாகிவிட்டது. இதற்கு மேல் ஒரு கடிதம் கனமாக இருக்க முடியாது.

வைகாசியில் மழை பிடித்தது. குளம் ஒரே வாரத்தில் விளிம்பு தொட்டது. மற்றவர்கள் குளங்களில் குஞ்சு விட்டார்கள். இவள் குளத்தில் தவளைதான் குஞ்சு விட்டது. ஆவணி தாண்டினால் குஞ்சு கிடைக்காது. கிடைத்தாலும் அடுத்த கோடைக்குள் எடை பிடிக்காது. ஒரு வருடம் போனது போனதுதான்.

“அக்கா, தண்ணி சும்மா கெடக்குதே,” என்று வாரா வாரம் போனில் சொல்வாள்.

“கெடக்கட்டும்.”

“ஒரு வேள அவங்க மிசினு வேற மாதிரி சொல்லிருமோ?”

“சொல்லாது.”

“எப்படி இம்புட்டு உறுதியா சொல்றீங்க?”

“என் ‘இல்லை’ய நான் சரி பார்த்துட்டுத்தான் சொன்னேன். அவங்களும் சரி பாத்தா அதுதான் வரும். சரி பாக்கலன்னா நான் இன்னொரு லெட்டர் எழுதுவேன்.”

“அந்த லெட்டருக்குப் பயந்தாவது சரி பாக்கட்டும்,” என்றாள்.

எனக்கும் இரண்டு நாள் தூக்கம் கெட்டது என்பதை அவளிடம் சொல்லவில்லை. பெரிய கருவிகள் நாங்கள் காணாத அளவையும் காணும். எங்கள் கூழ்மத்துக்கு எட்டாத ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு துளி ஒட்டியிருந்தால்? அதிகாரியின் கையெழுத்துக்கு என்ன ஆகும்? பழைய நிறமாலைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அடிக்கோட்டின் ஒவ்வொரு சிறு நெளிவையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நெளிவு நெளிவாகத்தான் இருந்தது. கொடிமரம் எதுவும் இல்லை.

அறிக்கை வந்ததும் அதிகாரி எனக்குத்தான் முதலில் போன் செய்தார். வாசிக்கும்போது குரல் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. தோலையும் தசையையும் தனித்தனியாகப் பார்த்திருந்தார்கள். தோலின் மேற்பரப்பில் மாலகைட் பச்சை, வெளியிலிருந்து ஒட்டியது. தசையில் அந்தச் சாயமோ அதன் நிறமற்ற வடிவமோ கண்டறியப்படவில்லை. பதிவு நிறுத்தத்தை ரத்து செய்யலாம். கீழே ஒரு குறிப்பு: மனுதாரர் அனுப்பிய நிறமாலைகள் கவனத்தில் கொள்ளப்பட்டன. கவனத்தில் கொள்ளப்பட்டன! முப்பது வருடப் பணிக்காலத்தில் என் பெயர் போட்டு வந்த எந்தப் பாராட்டுக் கடிதத்தையும் நான் சட்டம் போட்டு மாட்டியதில்லை. அந்த ஒரு வரியை நகலெடுத்துப் பேராசிரியைக்கு அனுப்பினேன். அவள் தன் ஆய்வகக் கதவில் ஒட்டிவிட்டாள்.

குளத்துக்காரிக்கு நான் போன் செய்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: “குஞ்சுக்குச் சொல்லிரலாமா?”

“சொல்லு,” என்றேன்.

குஞ்சு விடுவதற்கு இன்னும் காலம் இருந்தது. அறிக்கை கிடைத்ததாக உள்வரவுப் பதிவேட்டில் அதிகாரி தன் கையாலேயே எழுதி முத்திரை வைத்த நாள், ஆடிப் பதினெட்டு.